கருகமணி கொத்திய வடை

குளக்கரைப் புன்னை மரத்தில் கருகமணி என்றொரு காக்கைக் குஞ்சு இருந்தது. அதன் அம்மா மின்கம்பியில் அடிபட்டுச் செத்து மூன்று நாள் ஆகியிருந்தது. மூன்று நாளும் கருகமணி ஒரு பருக்கையைக்கூடத் தொடவில்லை. தொட்டால் அம்மாவை மறந்ததாகிவிடுமாம்! அதற்கு அப்படி ஒரு நினைப்பு.

அன்று அமாவாசை. உச்சிவேளையில், கரையோரத்து வீட்டு மதிலில் சோறும் வடையும் வைத்து, "கா! கா!" என்று கூப்பிட்டார்கள். மற்ற காக்கைகள் எல்லாம் அக்கரைச் சந்தையில் இருந்தன. கருகமணி அசையவே இல்லை. வீட்டுக்காரர்களும் சாப்பிடாமல் காத்திருந்தார்கள்.

அப்போது மதில்மேல் தொந்தி வைத்த பேய் ஒன்று வந்து உட்கார்ந்தது. ஆறு மாதம் முன்பு செத்துப்போன அந்த வீட்டு ஆவுடையப்பன்தான்.

"பாப்பா, சீக்கிரம் வந்து கொத்தும்மா! வடை ஆறுது!"

"நீங்களே சாப்பிடுங்க!"

"முடிஞ்சா விடுவேனா? காக்கா கொத்தினாத்தான் எங்களுக்கு இறங்கும்!"

"எனக்கு வேண்டாம். எங்கம்மா செத்துப் போயிட்டா."

"நானுந்தான் செத்துப் போயிட்டேன்! பசி போச்சா?"

கருகமணிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

"அம்மா இல்லாம நான் யாரு? நான் எதுக்கு இருக்கணும்?"

ஆவுடையப்பனின் மனைவியும் பேயாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னடி கேள்வி இது! இந்தத் தெருவுல செத்தவங்களுக்கெல்லாம் உங்கம்மாதான் வாய். இனிமே நீதான்! இது என் மருமக சுட்ட வடை. உயிரோட இருந்தப்போ குறையே சொல்லிட்டிருந்தேன். இன்னிக்காவது ஒழுங்காத் தின்னு பாக்கணும்!"

பாவமாக இருந்தது கருகமணிக்கு. மதிலில் வந்து இறங்கியது. மற்ற காக்கைகளைக் கூப்பிடாமல் கொத்தக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது.

"கா! கா!"

"கா!" என்று மதிலின் கோடியிலிருந்து பதில் வந்தது. அங்கே நிழல் விழாத ஒரு காக்கை நின்றது.

"அம்மா! நீ சாப்பிட்டியா?"

"நீ பட்டினி கிடந்தா எனக்கு எப்படிம்மா இறங்கும்? மூணு நாளா நானும் பட்டினிதான்!"

கருகமணி வடையை ஒரே கொத்தாகக் கொத்தியது. ஆவுடையப்பன் ஏப்பம் விட்டார். "உப்புதான் கொஞ்சம் கம்மி" என்ற அவர் மனைவி, இன்னொரு வாய் கேட்டாள். கோடியில் நின்ற அம்மா, அலகை மதிலில் தேய்த்துத் துடைத்துக்கொண்டது.

உள்ளே வீட்டுக்காரர்கள் இலை போட்டார்கள். கருகமணி அடுத்த வீட்டு மதிலுக்குப் பறந்தது. அங்கேயும் ஒரு பேய் பசியோடு காத்திருந்தது.

போனவர்களின் வயிறு நிறைய வேண்டுமானால், இருப்பவர்கள் முதலில் சாப்பிட வேண்டும்.