நல்லசிவம் தோண்டிய வேர்கள்

"அம்மா, எனக்குக் காவி கொடுங்கள்" என்றார் நல்லசிவம்.

வடிவம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மலையில், கோயிலுக்குச் சற்று மேலே, பாறையை ஒட்டி ஒரு ஓட்டுக் கூரை. அதுதான் மடம், அதுதான் சமையல்கட்டு. குரு வடிவம்மைக்கு வயது நாற்பதைத் தாண்டவில்லை. சீடருக்கோ அறுபதுக்கு மேல். காலேஜில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். யாராவது வாய் தவறி ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த வார்த்தையின் பாட்டன் முப்பாட்டன் வரைக்கும் விசாரித்துவிட்டுத்தான் மனுஷன் ஓய்வார்.

"இன்னைக்கு உங்க பொண்ணுக்குக் கல்யாணம் இல்லீங்களா?"

"ஆமாம். கீழே, இதே கோயிலில்தான்."

"கல்யாணத்தன்னைக்கு எதுக்குங்க காவி?"

"சந்தோஷத்தின் மேல் எனக்கு நம்பிக்கை விட்டுப்போச்சு, அம்மா. நன்றாக ஆராய்ந்து பார்த்துவிட்டேன்."

"என்னத்தை ஆராய்ஞ்சீங்க?"

"இங்கிலீஷில் குதூகலத்துக்கு எத்தனையோ சொல் இருக்கிறது. ஒவ்வொன்றாக வேரைத் தோண்டினேன். ஃபன் என்கிறார்களே, அது முதலில் எதைக் குறித்தது தெரியுமா? ஏமாற்றுவதை."

"உங்களை யாருங்க ஏமாத்துனது?"

நல்லசிவம் அடுத்த சொல்லுக்குத் தாவினார்.

"ஹாப்பி. அதற்குள் இருப்பது ஹாப். தற்செயல் என்று அர்த்தம். வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. நம் கையில் ஒன்றுமே கிடையாது."

"மழையும் அப்படித்தானுங்க."

"சியர். பழைய காலத்தில் அதற்கு முகம் என்றுதான் பொருள். உள்ளே எது எரிந்தால் என்ன, வெளியே முகத்தைக் காட்டினால் போதும்."

வடிவம்மை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். தூங்காத கண், மழிக்காத தாடி. இடுப்பில் மட்டும் புதுப் பட்டு வேட்டி.

"வேட்டி கட்டிட்டுத்தான் வந்திருக்கீங்க."

"பூங்குழலி எடுத்துக் கொடுத்தது. கட்டாவிட்டால் குழந்தை வருத்தப்படும்."

குழந்தைக்கு முப்பது வயது. அதை விடுங்கள், பெற்றவனுக்குக் கணக்கு ஏது.

"ஊர் வாய்க்குப் பயமுங்களா? ரெண்டாங் கல்யாணம்னு?"

"ஊர் கிடக்கிறது, அம்மா. இன்னும் கேளுங்கள். ஜோவியல். வியாழ கிரகத்தின் ஆதிக்கத்தில் பிறந்தவன் குஷியாக இருப்பான் என்று அந்தக் காலத்தில் நம்பியிருக்கிறார்கள்."

"குரு பார்க்கக் கோடி நன்மைன்னு நாமளுந்தான் சொல்றோம்."

"பார்த்தேனே! அவளுடைய முதல் கல்யாணத்துக்குக் குருபலன் பார்த்துத்தான் நாள் குறித்தேன்." நல்லசிவத்தின் குரல் உடைந்தது. "அன்றைக்கு நான் ஆடினேன், அம்மா. துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, பந்தலில், என் மாணவர்கள் எல்லாரும் பார்க்க ஆடினேன். என் ஜென்மத்தில் அப்படி ஆடியதில்லை. வருஷம் திரும்பவில்லை, மாப்பிள்ளையின் உடம்பைப் பொட்டலமாகக் கட்டிக் கொண்டுவந்து போட்டார்கள். மறுபடியும் அதே மாதிரி பந்தலில் போய் நின்று சிரிக்க எனக்குப் பயமாக இருக்கிறது. நான் சிரித்தால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயமாக இருக்கிறது."

கீரை ஆய்ந்த கை நின்றது.

"தாரை வார்க்கிறது யாருங்க?"

"நான்தான் வார்க்க வேண்டும். அவளுக்கு அம்மா இல்லை. நான் போகாவிட்டாலும் முகூர்த்தம் நிற்காது. என் தம்பி வார்த்துவிடுவான்."

"சரிங்க. ஆராய்ச்சியை முடிங்க. இன்னும் ஏதாவது பாக்கி இருக்குதுங்களா?"

"ஒரே ஒரு சொல். என் கட்சிக்கு அதுதான் பலம்." வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். அழுகைக்கு நடுவிலும் பாடம் என்றால் குரல் தானாகவே நிமிர்ந்துவிடுகிறது. "மெர்ரி. கிறிஸ்துமஸுக்கு வாழ்த்துகிறார்களே, அந்த மெர்ரிதான். அதன் ஆதி வேர் வரை போனால் குறுகியது என்று பொருள் சொல்கிறார்கள். கொஞ்ச நேரமே இருப்பது. சந்தோஷம் என்றால் கொஞ்ச நேரம்தான் என்று அந்த ஜனங்களுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது பாருங்கள்."

கீழே கோயிலில் நாதஸ்வரம் ஆரம்பித்தது.

வடிவம்மை கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தார். காவித் துணி எடுக்கத்தான் போகிறார் என்று நல்லசிவம் கைகூப்பி, கண்ணை மூடிக்கொண்டார்.

காலடியில் ஏதோ வைக்கிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தார். வாசலில் கழற்றிப் போட்டிருந்த அவருடைய செருப்பு.

பதறிவிட்டார். "அம்மா, நீங்கள் போய் என் செருப்பைத் தொடலாமா?"

"கொஞ்ச நேரந்தான் இருக்கும்னு நீங்கதானுங்க சொன்னீங்க" என்றார் வடிவம்மை. "அப்புறம் இங்கே எதுக்கு உட்கார்ந்திருக்கீங்க?"