நான்காம் வேற்றுமை

2023ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் முப்பதாம் நாள், சனிக்கிழமை. திருச்சியில் அன்று காலை முதல் மேகம் மூடியிருந்தது, மழை பெய்யவில்லை, காற்றும் வீசவில்லை.

உறையூரில் ஒரு தட்டச்சுப் பயிற்சி நிலையத்தின் மாடியில், சனிக்கிழமைதோறும் வேண்மாள் என்னும் ஆசிரியை, பணி ஓய்வு பெற்றவர்களுக்கு இலக்கணம் கற்பித்து வந்தார். அவருக்கு வயது முப்பத்தாறு. அவருடைய மாணாக்கருள் மிக இளையவரான மாசிலாமணிக்கு அறுபது. வகுப்பறைக்குள் பேச்சுவழக்குக் கூடாது என்பது ஆசிரியையின் கட்டளை.

வகுப்பு முடிந்து எல்லாரும் சென்ற பின்னரும் மாசிலாமணி எழவில்லை.

"என்ன ஐயா, பாடத்தில் ஐயமா?"

"பாடத்தில் இல்லை, அம்மா. மாலை ஆறு மணிக்குள் நான் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டும். சொன்னால், நாற்பது ஆண்டு நண்பன் ஒருவன் போய்விடுவான். சொல்லாவிட்டால், மற்ற அறுவரும் போய்விடுவர்."

பிறகு விளக்கினார். கல்லூரியில் ஒன்றாகப் படித்த எண்மர் கற்பனைக் கிரிக்கெட் ஆடிவந்தனர். உலகக் கோப்பையில் ஆடப்போகும் வீரர்களிலிருந்து ஆளுக்குப் பதினொருவரை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பர். அவ்வீரர்கள் களத்தில் எடுக்கும் ஓட்டமும் விக்கெட்டும் தேர்ந்தெடுத்தவர்க்குப் புள்ளிகளாகும். இம்முறை விதிகளை எழுதியவர் மாசிலாமணி. நடுவரும் அவரே.

"தகராறு செய்யும் விதியைப் பலகையில் எழுதுங்கள்."

நான்காம் விதியை எழுதினார்: 'ஓர் அணியில் வெளிநாட்டு வீரர் நால்வர்க்கு மேல் இருத்தல் கூடாது.'

"'ஓர் அணி' சரி. 'இருத்தல் கூடாது' சரி. மீறியவர் யார்?"

"ஜீவரத்தினம். அவன் அணியில் இலங்கை வீரர் எழுவர். இந்திய வீரர் நால்வர்."

"அவர் என்ன சொல்கிறார்?"

மாசிலாமணி கைப்பேசியை எடுத்தார். "அவன் குரலிலேயே கேளுங்கள், அம்மா. பேச்சுவழக்குத்தான், பொறுத்துக்கொள்ள வேண்டும்."

"மச்சான், நான் விதியை வாசிச்சுப்போட்டுத்தான் ஆக்களை எடுத்தனான். நான் யாழ்ப்பாணத்தான். எனக்கு உங்கட ஆக்கள்தான் வெளிநாடு. நாலு பேர் எண்டாய். நாலு பேர்தான் எடுத்திருக்கிறன். பிறகென்ன?"

அடுத்த குரல் பொன்மலையில் வாழும் கோதண்டபாணியுடையது.

"டேய் மாசி, அவன் டொராண்டோ போய் முப்பது வருஷமாச்சு. பாஸ்போர்ட்டு கனடா. கனடா கோப்பைலயே இல்ல. அவனுக்கு மொத்த உலகமும் வெளிநாடுதான்! நாலு பேரை வெச்சுக்கிட்டு ஆடச் சொல்லு. இல்லாட்டி தூக்கிடு. நீ தூக்கலைன்னா நாங்க ஆறு பேரும் கிளம்பறோம்."

ஆசிரியை சிரித்துவிட்டார். மாசிலாமணி சிரிக்கவில்லை, மூன்றாவது பதிவை ஒலிக்கவிட்டார். மீண்டும் ஜீவரத்தினம், இம்முறை குரல் தாழ்ந்திருந்தது.

"இஞ்ச என்னை சிலோன்காரன் எண்டினம். ஊருக்குப் போனா, வெளிநாட்டுக்காரர் வந்திருக்கிறார் எண்டு இருக்கக் கதிரை தூக்கிப் போடுகினம். திருச்சியில உங்களோட படிக்கேக்க, மாசத்துக்கு ஒருக்கா பொலிசில போய்க் கையெழுத்து வைச்சனான். உனக்குத் தெரியாதே? மச்சான், உன்ர விதிப்படி எனக்கு உள்நாடு எதெண்டு நீயே சொல்லு. நான் அந்த ஆக்களை எடுக்கிறன்."

ஆசிரியை பலகையில் 'வெளிநாட்டு' என்னும் சொல்லின் கீழ்க் கோடிட்டார்.

"'வெளி' என்று மட்டும் சொன்னால் போதுமா, ஐயா? வீட்டுக்கு வெளியே. வாசலுக்கு வெளியே. உங்கள் வாக்கியத்தில் இச்சொல்லுக்கு முன் வரவேண்டிய 'கு' எங்கே?"

"தொக்கி நிற்கிறது, அம்மா."

"விரித்து எழுதுங்கள்."

'இந்தியாவுக்கு வெளியே உள்ள நாட்டு வீரர்.'

"இந்தியா எங்கிருந்து வந்தது?"

"அஃது எல்லார்க்கும் தெரிந்ததே."

"எண்மர்க்குமா?"

மாசிலாமணி விரல்விட்டு எண்ணுபவர்போல் தயங்கினார். "எழுவர்க்கு."

அழித்தார். 'தேர்ந்தெடுப்பவர் பிறந்த நாட்டுக்கு வெளியே' என்று எழுதினார். எழுதிய கை பலகையிலேயே நின்றது.

"ஏன்?"

"கோதண்டபாணி பிறந்தது பர்மாவில், அம்மா. இரண்டு வயதில் கப்பலில் வந்தவன்."

"பர்மா கோப்பையில் ஆடுகிறதா?"

"இல்லை."

"அப்படியானால் அவருக்கும் நால்வரே."

அழித்தார். 'வாழும் நாட்டுக்கு வெளியே' என்று எழுதினார். துபாயில் வாழும் நண்பர் நினைவுக்கு வரவே, அதனையும் அழித்தார். 'போட்டி நடக்கும் நாட்டுக்கு வெளியே' என்று எழுதிவிட்டு, அடுத்த கோப்பை எந்த நாட்டில் நடக்கும் என்று தமக்குள் கேட்டுக்கொண்டார். பலகை முழுவதும் வெண்ணிறப் புழுதி படிந்தது.

"எழுதியபோது தெளிவாக இருந்தது, அம்மா. இப்போது எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. எந்தச் சொல்லை எழுதுவது? நீங்களே சொல்லுங்கள்."

"வாக்கியம் கிடக்கட்டும். ஆறு மணிக்கு ஜீவரத்தினத்தை நீக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதன்பின் அவர் எதற்கு வெளியே நிற்பார்?"

"எங்களுக்கு."

சொன்னவர் பலகையின் பக்கம் திரும்பினார்.

"இந்தக் 'கு' மட்டும் உடனே வந்துவிட்டதே, ஐயா" என்றார் ஆசிரியை.

மாசிலாமணி கிளம்பினார். சுண்ணக்கட்டியை எங்கே வைப்பதென்று அறியாதவர்போல், படியிறங்கும்போதும் அதனைக் கையிலேயே வைத்திருந்தார்.

மாலை ஐந்தே முக்காலுக்கு அவர் நண்பர்களுக்கு ஒரே வரி அனுப்பினார்: 'நான்காம் விதி நீக்கப்படுகிறது, காரணம், இலக்கணப் பிழை.' என்ன பிழை என்று ஐவர் கேட்டனர். தமக்கும் முழுவதும் விளங்கவில்லை என்று எழுதினார். கோதண்டபாணி அன்றே விலகினார். மூன்றாம் நாள், காரணம் கூறாமல், திரும்பி வந்தார். தொடரின் முடிவில் அவருடைய அணி ஏழாம் இடத்தையும் ஜீவரத்தினத்தின் அணி எட்டாம் இடத்தையும் பெற்றன. போட்டி நடந்த நாள்களில் எல்லாம் அவ்விருவரும் தொலைபேசியில் சண்டையிட்டனர்.