ஜாக்கி இன்னாசி எதைப் பார்த்தார்

“எங்க வீட்டுச் சுவர்ல தொங்குற என் படத்துல இருக்கிற ஆளா ஒரே ஒரு நாள் மாறிட்டாப் போதும்மா. அப்புறம் செத்தாலும் சரி.”

சொன்னவர் இன்னாசி. ஒரு காலத்தில் பந்தயக் குதிரை ஓட்டும் ஜாக்கி; அவரை மிஞ்ச ஆளே கிடையாது. ஏழு வருஷத்துக்கு முன்னால் குதிரையிலிருந்து விழுந்து, முழங்காலில் கம்பி வைத்தாயிற்று. இனி ஏற முடியாது.

ஆனாலும் மனுஷர் இன்றைக்கும் ஜாக்கிக்கு வேண்டிய அதே ஐம்பத்தோரு கிலோ. காலையில் ஒரு இட்லி, சாயங்காலம் ஒரு தம்ளர் மோர். யாராவது திரும்பக் கூப்பிட்டுவிட மாட்டார்களா என்ற நப்பாசைதான், வேறென்ன!

கேட்டுக்கொண்டிருந்தவள் காத்தாயி. பந்தய லாயத்தில் குதிரைகளுக்குக் கொள்ளு அவிக்கிறவள். அவளிடம் மனசைக் கொட்டினால் தெளியும் என்று ஊரில் ஒரு பேச்சு. அவளோ, யார் வந்தாலும் அடுப்பை விட்டு எழுந்திருக்க மாட்டாள்.

“வீட்டம்மா என்ன சொல்றாங்க, ஜாக்கி?”

“பிலோமினா ஞாயித்துக்கிழமை மகள் வீட்டுக்குப் போறாளாம். ஒரேயடியா.”

“எதுக்கு?”

“இருபத்தாறு வருஷத்துல ஒரு நாளாவது என்கூட உக்காந்து சாப்பிட்டிருக்கீங்களான்னு கேட்டு அழுறா.”

“சாப்பிட்டா என்னவாம்?”

“சோத்து வாசனை வந்தாலே எனக்குத் தாங்காதும்மா. அதான் அவ கொல்லைப்பக்கம் போயிச் சாப்பிடுவா. ஜாக்கி வீடுன்னா அப்படித்தான்.”

காத்தாயி அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள்.

“படத்தைக் கொண்டாங்க.”

மறுநாள் வேட்டியில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தார்.

பெரிய கோப்பைப் பந்தயத்துக்கு முந்தின நாள், இதே லாயத்து முற்றத்தில் நிற்கவைத்து வரைந்த படம். சிவப்புப் பட்டுச் சட்டை, கக்கத்தில் சாட்டை. அதெல்லாம் கிடக்கட்டும், அந்தப் பார்வை! பார்த்தவர்கள் எல்லாரும் அங்கேதான் நின்றுவிடுவார்கள்.

“இதுல எதைப் பாக்குறீங்க?”

“பந்தயம் முடியுற இடத்து வெற்றிக் கம்பத்தை. இப்படி ஒரு ஏக்கத்தை எந்தக் கண்ணுலயும் கண்டதில்லேன்னு ஓவியரே சொன்னாரு.”

காத்தாயிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“அட போங்க ஜாக்கி! வரையறப்ப நானும் இங்கதானே இருந்தேன்? கம்பம் உங்க முதுகுக்குப் பின்னாலதான இருந்துச்சு!”

“அப்ப முன்னால?”

அவள் கரண்டியால் அடுப்பைக் காட்டினாள். பானையின் மூடியைத் திறந்தாள்.

ஆவி எழுந்தது. வெந்த கொள்ளின் வாசனை முற்றம் முழுக்கப் பரவியது.

இன்னாசிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. படம் வரைந்த அன்றைக்கும் ஊறியது. எடைக்காக இரண்டு நாள் பட்டினி, தண்ணீர்கூட இல்லை. குதிரையின் தீனியில் ஒரு கை அள்ளித் தின்றால் என்ன என்று தவித்தது இப்போது ஞாபகம் வந்தது.

படத்தைப் பார்த்தார். படத்திலிருந்தவன் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்னாசி எழுந்து நடந்தார்.

“ஜாக்கி, படம்!”

அவர் திரும்பவில்லை.

வீட்டில், கொல்லைப் படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பிலோமினா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டதும் அவசர அவசரமாக முந்தானையால் தட்டை மூடினாள்.

இன்னாசி மடங்காத காலை நீட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். முந்தானையை விலக்கினார்.

“ஐயோ, உங்க எடை!” என்றாள் அவள்.

அதற்குள் முதல் கவளம் அவர் வாய்க்குப் போயிருந்தது.