மேட்டில் நரி தொடங்கிய வீடு

அல்லிக்குளத்தின் கரையில் ஒரு மேடு இருந்தது. மழைக்காலத்தில் குளம் எவ்வளவு பெருகினாலும் அந்த மேடு மட்டும் மூழ்காது. அங்கே வீடு கட்டிக்கொள்ள, சிங்காரம் என்ற நரி யானையிடம் அனுமதி வாங்கியிருந்தது. அந்தக் காட்டுக்கு யானைதான் நாட்டாமை.

"மழை பிடிக்கிறதுக்குள்ள வேலையைத் தொடங்கிடணும். இல்லைன்னா மேடு அடுத்ததா கேட்டவங்களுக்குப் போயிடும்" என்று யானை அன்றே சொல்லியிருந்தது.

அடுத்ததாகக் கேட்டிருந்தது வடிவு என்ற பெருச்சாளி. அதன் வளை பள்ளத்தில் இருந்தது. போன மழையில் வளைக்குள் தண்ணீர் புகுந்தபோது அது குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு ஓடியது. இந்த முறையும் குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை. பாவம், மேகத்தைப் பார்த்தாலே வடிவு குட்டிகளிடம் ஓடும்.

நரிக்கோ ஒரு கவலையும் இல்லை. வாசலை எந்தப் பக்கம் வைப்பது என்று மேட்டில் படுத்தபடி யோசிக்கும். யோசித்தபடியே தூங்கிப்போகும். கோடை முழுக்க இதே கதைதான்.

ஒரு நாள் மேற்கே இடி இடித்தது. நரி வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தது. கடைக்கால் தோண்டலாம் என்று மண்ணில் காலை வைத்து ஒரு பறி பறித்தது. மண் கெட்டியாக இருந்தது, நகம் வலித்தது. சரி, முதலில் பூமி பூஜை போட்டுவிடலாம் என்று முடிவு செய்தது.

அடடா, என்ன பூஜை! மரங்கொத்தி மேளம் அடித்தது. மயில் ஆடியது. குரங்குகள் மாவிலைத் தோரணம் கட்டின, கட்டியதில் பாதியைத் தின்றும் தீர்த்தன. நரி ஒரு செங்கல்லுக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, மேட்டின் நடுவில் வைத்தது. இன்னும் கட்டாத வீட்டின்மேல் யார் கண்ணும் பட்டுவிடக் கூடாதே என்று, ஒரு கம்பு நட்டு வைக்கோலில் திருஷ்டி பொம்மையும் கட்டியது. வந்தவர்களுக்கெல்லாம் சர்க்கரைப் பொங்கல்.

வடிவு ஓரமாக வந்து நின்றது. "அண்ணே, வேலையை எப்ப தொடங்கப் போறீங்க?"

"உனக்குக் கண்ணு தெரியலையா? அதான் அமர்க்களமா நடந்துக்கிட்டு இருக்கே. நீயும் ஒரு வாய் பொங்கல் சாப்பிட்டுட்டுப் போ."

அந்த நேரம் யானை வந்தது. "வேலை தொடங்கியாச்சா?" என்று கேட்டது.

"தொடங்கியாச்சு! தொடங்கியாச்சு!" என்று பொங்கல் தின்ற வாய்கள் எல்லாம் கத்தின.

யானை செங்கல்லைப் பார்த்தது. பொம்மையைப் பார்த்தது. பிறகு மெதுவாகச் சொன்னது: "சிங்காரம், நான் இந்த மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போகணும். என் உடம்புதான் உனக்குத் தெரியுமே. உன் வேலை கெட்டுடாம எங்கே கால் வைக்கலாம்னு சொல்லு."

நரிக்கு உச்சி குளிர்ந்துபோனது. நாட்டாமையே தன் இடத்து வழியாக நடந்து போகிறாரே! பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி பொம்மையைப் பிடுங்கி ஓரமாகச் சாய்த்தது. செங்கல்லை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டது.

"ஐயா தாராளமா எங்க வேணும்னாலும் மிதிங்க. ஒண்ணும் கெட்டுப்போகாது."

மேளம் சட்டென்று நின்றது.

"மிதிச்சா கெட்டுப்போக ஒண்ணுமே இல்லைன்னா, நீ தொடங்கினது என்னப்பா?" என்று கேட்டது யானை.

நரி செங்கல்லை இன்னும் இறுக்கிக்கொண்டது. அதன் மூக்கின்மேல் முதல் தூறல் விழுந்தது.

"மேடு இனி வடிவுக்கு" என்று சொல்லிவிட்டு, யானை மேட்டில் காலை வைக்கப் போனது.

"ஐயா, ஐயா, அங்க கால் வைக்காதீங்க! கடைக்கால் தோண்டியிருக்கேன்!"

கத்தியது வடிவு. யானையின் காலுக்குக் கீழே அது மண்ணை வாரி வாரி இறைத்துக்கொண்டிருந்தது. குழி ஒரு தேங்காய் அளவுகூட இல்லை. ஆனாலும் யானை தூக்கிய காலைக் கீழே வைக்காமல் தள்ளாடிப் பின்வாங்கியது. மேட்டைச் சுற்றிக்கொண்டு, மழையில் நனைந்து, சிரித்தபடியே நடந்தது.

மழை வலுப்பதற்குள் வடிவின் குட்டிகள் மேட்டுக்குள் போய்ச் சேர்ந்தன. சாய்ந்த பொம்மையின் பக்கத்தில், செங்கல்லைக் கக்கத்தில் இடுக்கியபடி நரி நனைந்துகொண்டு நின்றது.

ஆகவே, மேளமும் பொங்கலும் தொடக்கம் ஆகாது. மிதித்தால் கெட்டுப்போகும் அளவுக்காவது எதையாவது செய்திருந்தால்தான் வேலை தொடங்கிவிட்டது என்று சொல்லலாம்.