நடுநிலை முரசு

முன்னொரு காலத்தில், எந்த ஏட்டிலும் பெயர் எழுதப்படாத ஒரு நாட்டில், மழை ஒன்பதாவது நாளாகப் பெய்துகொண்டிருந்த ஒரு மதியம் கொலுமண்டபத்தில் இருந்தவர்கள்: பாதித் தூக்கத்தில் ராஜா. வலப்பக்கம் மந்திரி திருவேங்கடத்தார். இடப்பக்கம் தளவாய் வீரமல்லர். ஓலை எழுதும் சேந்தன். சாமரம் வீச மறந்துவிட்ட இரண்டு பெண்கள். மழைக்கு ஒதுங்கிய ஒரு வெள்ளாடு. அதை விரட்ட யாருக்கும் மனமில்லை. கடைசியில், தூணில் சாய்ந்தபடி விகடகவி தாண்டவன்.

தாண்டவனுக்கு அன்று வேடிக்கை வரவில்லை. அவன் தங்கை நாச்சியார் ஏரிக்கரைக்குக் கீழே, கீழக்கரையில் குடியிருந்தாள். எட்டு மாத வயிறு. காலையில் போய்ப் பார்த்தபோது கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு கேட்டாள்.

"அண்ணே, மூணு முரசும் கேட்டுட்டேன். மேட்டுக்கு ஏறுறதா, இங்கேயே இருக்கிறதா? ஒண்ணும் விளங்கலையே."

அந்த நாட்டில் சேதி சொல்ல மூன்று முரசுகள் இருந்தன. மேலத்தெரு முரசு மந்திரியுடையது. கீழத்தெரு முரசு தளவாயுடையது. மூன்றாவது அரண்மனை முரசு. அதற்கு வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி கொடுத்தார்கள். ஆகவே அது எல்லோருக்கும் பொது என்று பேர்.

ஏரிக்கரை கசிகிறது என்று பேச்சு எழுந்ததும் மேலத்தெரு முரசு சொன்னது: "கரை கருங்கல்லாக நிற்கிறது. கசிவு என்பது தளவாயின் ஆட்கள் கட்டிவிட்ட கதை." கீழத்தெரு முரசு சொன்னது: "கரை நேற்றே உடைந்துவிட்டது. ஏரியை மந்திரி அயல்நாட்டானுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்." அரண்மனை முரசு தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னது: "கரை உடைந்தது என்பர் ஒரு சாரார். உடையவில்லை என்பர் மறு சாரார். சேதி முடிந்தது."

ராஜா கண்ணைத் திறந்தார்.

"ஒரு சொப்பனம் கண்டோம். நம் முகத்தில் இரண்டு வாய். வலக் கன்னத்தில் ஒன்று, இடக் கன்னத்தில் ஒன்று. இரண்டும் நம் சோற்றைத் தின்றன. தின்றுவிட்டு ஒன்றையொன்று வைதன. நமக்கோ பசி. அசல் வாய் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தோம். வழவழவென்று தோல்தான் இருந்தது."

ராஜா வாயைத் தடவிப் பார்த்துக்கொண்டு தொடர்ந்தார்.

"ஆகவே நம் முரசு எவர் பக்கமும் ஓர் இழைகூடச் சாயக் கூடாது. அப்படிச் சேதி சொல்லும் ஆள் யார்?"

மந்திரியும் தளவாயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு மாதமாகக் கரையைப் பற்றி விகடம் சொல்லி இருவர் மானத்தையும் வாங்கியவன் தாண்டவன். அவன் வாயை அடைக்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

"தாண்டவரைவிடத் தகுதியானவர் யார், அரசே?" என்றார் மந்திரி.

"தவறினால் நாக்கை அறுத்துவிடலாம்," என்றார் தளவாய். "இதில் எனக்கும் மந்திரியாருக்கும் ஒரே கருத்து."

இப்படி ஒன்று அந்த மண்டபத்தில் அதுவரை நடந்ததில்லை. ஆடுகூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது.

மந்திரி சொல்லச் சொல்லச் சேந்தன் எழுதினான்: 'அரண்மனை முரசறைவோன் நடுநிலையை விட்டு ஓரடியும் நகரலாகாது.'

தாண்டவன் எட்டிப் பார்த்தான். "ஓரடின்னா ஓரடிதானா, மந்திரியாரே?"

"அரையடியும் கூடாது."

"அதையும் எழுதச் சொல்லுங்க. நாளைக்கு யாராவது வந்து நீட்டிக் குறைச்சிடப் போறாங்க."

மந்திரி சிரித்துக்கொண்டே அதையும் எழுதச் சொன்னார். ராஜா முத்திரை வைத்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் தாண்டவன் ஏரிக்கரைக்கு நடந்தான். ஏரியும் வானமும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. கரை எங்கே முடிகிறதென்று தெரியவில்லை. ஒரு நாரை நடுவானத்தில் ஒற்றைக் காலில் நின்றது. வடகோடியில் யானைகள் ஏறி இறங்கிய தடம். ஒவ்வொரு காலடியும் ஒரு சின்னக் குளம், ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு மேகம். கீழே இறங்கி, கரையின் வெளிப்பக்கத்தில் கையை வைத்து அழுத்தினான். மணிக்கட்டு வரை உள்ளே போயிற்று. அங்கே மண் இல்லை, குளிர்ந்த கூழ்தான் இருந்தது. கையை எடுத்ததும் நூல்போல நீர் வழிந்தது. தெளிவாக வந்திருந்தால் பயமில்லை. மண்ணை அரித்துக்கொண்டு கலங்கலாக வந்தது.

அவன் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. பயந்துபோய் நிற்பதால் கரை இறுகிவிடாது.

கோட்டைக்கு முன்பக்கம் மூன்று வாசல், பக்கம் பக்கமாக. நடுவாசல்தான் பெரியது, சந்தைக்கு நேர் எதிரே. தாண்டவன் முரசை உருட்டிவந்து அந்த வாசலுக்குக் குறுக்கே வைத்து, சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டான். காவலாளி ஓடிவந்தான்.

"யோவ் விகடம், வழியை விடுய்யா. தளவாய் குதிரை நிக்குது."

"நகர்ந்தா நாக்கு போயிடும்யா. ஓலை இருக்கு."

"அப்ப குதிரை?"

"அதுக்கு ஓலை இல்லையே. பக்கத்து வாசல்ல போகச் சொல்லு."

பிறகு கோலை எடுத்து மும்முறை அறைந்தான். சந்தை திரும்பிப் பார்த்தது.

"கேளுங்க. கரை கசியுது. இப்பத்தான் கையை விட்டுப் பார்த்துட்டு வரேன், கலங்கல் வருது. வடகோடியில தளவாயோட யானைங்க தினம் ஏறி மிதிச்சிருக்கு. மந்திரியார் நாலு வருஷமா ஒரு கூடை மண் கொட்டல. இன்னும் உடையல. இப்படியே விட்டா உடையும். கீழக்கரை ஜனங்க பிள்ளைகுட்டி ஆடுமாட்டோட கோயில் மேட்டுக்கு ஏறிடுங்க. சேதி அவ்வளவுதான்."

முதலில் ஒரு கிழவர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். அப்புறம் ஊரே புறப்பட்டது. பனிமூட்டத்துக்குள் அந்த வரிசை எழுதி எழுதி அழிப்பதுபோலத் தெரிந்தும் மறைந்தும் மேடேறியது. நடுவில் ஒருத்தி இடுப்பில் கைகொடுத்து, தலையில் பாய்ச்சுருளோடு போனாள். தாண்டவன் அவளை மட்டும் கண்ணெடுக்காமல் பார்த்தான். அவள் மேட்டில் போய் உட்கார்ந்த பிறகுதான் மூச்சு விட்டான்.

உச்சிப்பொழுதுக்குள் அவனைக் கொலுமண்டபத்துக்கு இழுத்துவந்துவிட்டார்கள்.

"இது தளவாயின் வாய்!" என்றார் மந்திரி.

"இது மந்திரியின் நாக்கு!" என்றார் தளவாய்.

"யார் நாக்கோ, அறுக்க வேண்டியதுதான்," என்றார் ராஜா வருத்தத்தோடு. "நடுநிலை தவறினாயே, தாண்டவா."

"சேந்தரே, ஓலையைப் படிங்க."

சேந்தன் படித்தான்.

"நகரலையே, மகாராஜா. சேதி சொன்ன நேரம் பூரா நடு நிலையிலதான் உக்காந்திருந்தேன். காவலாளியைக் கேளுங்க, குதிரையைக் கேளுங்க."

"நடுநிலை என்றால் எப்பக்கமும் சாயாமை!" என்று கத்தினார் மந்திரி.

"அப்படியா? எங்க தெருவில வீடு கட்டுறவங்க நல்ல நாள் பார்த்து, மஞ்சள் குங்குமம் வச்சு, வாசல்ல மரச்சட்டம் நிறுத்துவாங்க. அதுக்குப் பேருதான் நிலை. கோட்டைக்கு மூணு நிலை. நடு நிலை எதுன்னு நாலு வயசுப் பிள்ளைகூடக் காட்டும்."

சேந்தன் ஓலையை வெளிச்சத்தில் பிடித்தான். "ஓலையில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் விடுவதில்லை, அரசே. அவர் படிக்கிறபடியும் படிக்கலாம்."

ராஜா சிரித்தார். முதலில் வயிறு குலுங்கியது, பிறகு தோள், பிறகு சிம்மாசனம். ஆடு பயந்து தூணுக்குப் பின்னால் போயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அதோடு இன்னொன்று. இரண்டு பேரும் உன்னை வைகிறார்கள். அப்படியானால் நீ சொன்னது உண்மையாகத்தான் இருக்க வேண்டும்."

"அப்படி இல்லீங்க, மகாராஜா. வெத்தலையில சுண்ணாம்பு ஜாஸ்தியானாலும் ரெண்டு கன்னமும் எரியும். அதனால வெத்தலை நல்ல வெத்தலைன்னு ஆயிடுமா? கரைக்குப் போய்க் கையை விட்டுப் பாருங்க."

ராஜா போனார். கையை விட்டார். முழங்கையில் சேற்றோடு திரும்பியபோது அவர் முகத்தில் தூக்கம் இல்லை. தன் சால்வையை எடுத்துத் தாண்டவனுக்குப் போர்த்தினார். "முரசு இனி உன்னுடையது. வேறென்ன வேண்டும்?"

"சால்வை போதும், குளிருது. ஒண்ணே ஒண்ணு. கரைக்கு அடியில மதகுக்காரன் அறை இருக்கு. கரை கருங்கல்லுன்னு சொன்ன மந்திரியார் அதுல தங்கட்டும், அவருக்குப் பயமில்லை. நேத்தே உடைஞ்சு போச்சுன்னு சொன்ன தளவாயும் தங்கட்டும், உடைஞ்ச கரை இன்னொரு தரம் உடையாது. கரை இறுகுற வரைக்கும்தான்."

"ஆகட்டும்," என்றார் ராஜா.

ராஜாவே இருவரையும் அங்கே கூட்டிப்போனார். அறையின் உள்சுவரில் மூன்று இடத்தில் நீர் கசிந்துகொண்டிருந்தது. மந்திரி வாசலில் நின்றே அதைப் பார்த்தார். "ஏய்! யாரங்கே! முன்னூறு ஆள், மண்வெட்டி, கூடை! இப்பவே!" தளவாய் அவரைவிட உரக்கக் கத்தினார்: "யானைகளைக் கல் சுமக்கச் சொல்லு! ஓடு!"

ஆட்கள் ஓடினார்கள். பொழுது சாய்வதற்குள் கரைமேல் கூடைகள் வரிசையாக ஊரத் தொடங்கின. ராஜா தலையசைத்தார். இருவரும் குனிந்து உள்ளே போனார்கள். மதகுக்காரன் கதவைச் சாத்தி, துருவேறிய பூட்டை இரண்டு முறை திருகிப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான்.