கழுதையின் சிரிப்பு பாதியில் உடைந்த கதை

விலங்குகளும் பறவைகளும் பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்த அந்தக் காலத்தில், ஆற்றங்கரை மருதமரத்தடியில் ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. ஆமைதான் வாத்தியார். கடைசி வரிசையில் ஒரு கழுதை உட்கார்ந்திருக்கும். அதற்கு அறிவு குறைவில்லை. ஆனால் எதுவும் மனத்தில் இறங்க ஒரு நாள் ஆகும். இன்று கேட்ட கேள்விக்கு மறுநாள் காலை எழுந்து நின்று சரியான பதிலைச் சொல்லும். வாத்தியார் அதுவரை காத்திருந்து, “சரி, உட்கார்” என்பார். அந்தச் சொல்லுக்காகவே கழுதை பள்ளிக்கு வந்தது.

ஒரே ஒரு ஏக்கம்தான் அதற்கு. எல்லாரும் சிரிக்கும்போது அதற்குச் சிரிப்பு வராது. ஒரு தடவையாவது சேர்ந்து சிரித்துவிட வேண்டும்.

பள்ளி விழாவில் பிள்ளைகள் ஒரு நாடகம் போட்டார்கள். குரங்கு முதுகில் கொட்டாங்கச்சியைக் கட்டிக்கொண்டு வாத்தியாராக வந்தது. அது மெல்ல மெல்லப் பெயர்களைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் நாடகத்தில் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. கூட்டம் சிரித்தது. ஆமையும் சிரித்தார்.

அடுத்துக் கீரி மாணவனாக வந்தது.

“நாய்க்கு எத்தனை கால்?” என்றது குரங்கு.

கீரி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பிறகு மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மறுநாள் ஆனதுபோல வந்தது.

“இன்னைக்குப் புதுக் கேள்வி. மழை எதனால பெய்யுது?”

“நாலு காலுங்க ஐயா.”

சிரிப்பில் மரத்தடியே அதிர்ந்தது. ஆமையும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கழுதை மட்டும் விழித்தது.

“ஏன் சிரிச்சீங்க?” என்று நாடகம் முடிந்ததும் கேட்டது. “நாய்க்கு நாலு கால்தானே? பதில் சரிதானே?”

மைனா சொன்னது: “மழையைப் பத்தி வரும்னு காத்திருந்தோம், கால் வந்து நின்னுது. நினைச்சது ஒண்ணு, வந்தது ஒண்ணு. அதான் சிரிப்பு, கழுதையண்ணே.”

“போன வாரம் தரைன்னு நினைச்சுச் சேத்துல கால் வச்சேன். இடுப்பு வரைக்கும் போயிட்டேன். சிரிப்பு வரலையே.”

“உங்களுக்கு வரலை. பார்த்த எங்களுக்கு வந்துச்சு.”

எலி முன்னால் வந்தது. “வாத்தியார் என் பேரைக் கூப்பிட்டாலே நான் வேருக்கு அடியில ஒளிஞ்சுக்குவேன். முதுகுல கொட்டாங்கச்சியைப் பார்த்ததும், இவருக்கா பயந்தோம்னு ஆயிடுச்சு. அடைச்சு வச்ச பயமெல்லாம் சிரிப்பா வெளியே போயிடுச்சு.”

“எனக்கு அவர்கிட்ட பயமே கிடையாதே” என்றது கழுதை.

கீரிக்குப் பொறுமை போய்விட்டது. “எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி? நம்மைவிட மட்டமா ஒருத்தன் நின்னா சிரிப்பு வரும். நல்லவேளை, அவன் நாம இல்லைன்னு ஒரு சந்தோஷம்.”

“யார் அந்த ஒருத்தன்?”

கீரி தன் வாலைப் பார்த்தது.

மறுநாள் காலை ஆமை பாடம் நடத்திக்கொண்டிருந்தார். கழுதை திடீரென்று எழுந்தது. நாலு காலில் நடந்து வரும் மழை அதன் கண்முன் வந்துவிட்டது. வாயை அகலத் திறந்து சிரித்தது. அதன் வாழ்நாளின் முதல் சிரிப்பு. அதைப் பார்த்து வகுப்பும் சேர்ந்து சிரித்தது. அது ஆசைப்பட்டது நடந்துவிட்டது.

அப்போதுதான் மீதிப் பதிலும் வந்து சேர்ந்தது. அந்த ஒருத்தன் யார் என்பது.

உள்ளே இழுத்த மூச்சு வெளியே வரும்போது சிரிப்பாக இல்லை, விம்மலாக இருந்தது.

“நீங்களும் சிரிச்சீங்களே, ஐயா.”

ஆமை ஏதோ சொல்ல வாயெடுத்தார். தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். கழுதை காத்திருந்தது. அவர் தலையை வெளியே நீட்டவே இல்லை.

கழுதை வகுப்பை விட்டு நடந்தது. சிரிப்பை முடித்துவிடப் பார்த்தது, முடியவில்லை. அழுகையையாவது முடிக்கப் பார்த்தது, அதுவும் முடியவில்லை. அதன் பிறகு அது யாரோடும் பேசவில்லை. இன்றும் கழுதையின் குரல் சிரிப்பாகக் கிளம்பி விம்மலாகத் தேய்வது அந்தக் காலையிலிருந்துதான்.

அதைக் கேட்டு நாம் இன்றும் சிரிக்கிறோம்.