உப்பன் வீட்டு வாசலில்

ஒரு முகூர்த்த நாளில் நடந்தது இது. ஒரு கல்யாண மண்டபத்துச் சமையலறைக் கணினிக்குள் சின்னதாய் ஒரு நிரல் இருந்தது. அதற்குள்ளே செயற்கூறுகள் என்னும் வேலைக்காரர்கள் வரிசை வீடுகளில் குடியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு வேலை. எவ்வளவு சாம்பார் வைப்பது என்று கணக்குச் சொல்பவள் குழம்பாயி. அதற்கு எவ்வளவு உப்பு என்று சொல்பவன் உப்பன். முதல் பந்தி எழுந்ததும், அண்டாவில் மிஞ்சியதோடு வெந்நீரும் வெந்த பருப்பும் விட்டு இரண்டாம் பந்திக்கு நீட்டுவார்கள் அல்லவா, அந்தக் கணக்கு நீட்டியுடையது.

காலை டிபன் முடிந்ததும் சமையல் மாஸ்டர் செங்கோடன், கணினி முன்னால் இருந்த மண்டப நிர்வாகி மரகதவல்லியிடம் வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மணி, ரெண்டாம் பந்தியில மாப்பிள்ளையோட மாமா இட்லியை வாயில வெச்சவரு அப்படியே என்னையப் பார்த்தாருங்க. அவரு பார்த்த பார்வையில எனக்கே கரிச்சுது."

மரகதவல்லி உடனே தட்டச்சினாள்: 'மத்தியானப் பந்திக்குள் உப்பைச் சரிசெய்.'

உத்தரவு வாயாடியிடம் போனது. வாயாடி நிரல்களைத் திருத்தி எழுதும் ஒரு செயற்கை அறிவு. யார் வீட்டுக்குள்ளும் நுழையாமலே அவரவர் குரலில் பேசிக்காட்டுவான். அதிலே அவனுக்குக் கொள்ளைப் பிரியம். நிரலின் தெருவுக்கு வந்தவன் தொண்டையைச் செருமி, உப்பன் குரலை எடுத்தான்.

"இலைக்கு ஒரு சிட்டிகை. தாலி கட்டின சந்தோஷத்துக்கு ஒரு கை. ரெண்டாம் பந்தியா, இன்னொரு கை. கரிக்குதா? உங்க நாக்குலதான் கோளாறு, போங்க."

தெருவே சிரித்தது. உப்பனுக்கும் சிரிப்பில் உதடு துடித்தது.

"ஆளு இப்படித்தான்" என்றான் வாயாடி. "இவனை அழிச்சிட்டுப் புது உப்பன் ஒருத்தனை எழுதிடறேன்."

சிரிப்பு நின்றது. உப்பன் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே."

"சொல்லியிருப்ப. குரல் பொருந்துதே."

தெருமுனையில் துருவி நின்றிருந்தாள். ஓடும் நிரலை எந்த வாசலிலும் நிறுத்தி, உள்ளே என்ன போகிறது, வெளியே என்ன வருகிறது, யார் கூப்பிட்டார்கள் என்று பார்ப்பவள் அவள். பிழை தேடுகிறவர்களுக்கு உதவுவது அவள் வேலை. கூப்பிட்டால்தான் வருவாள். வாயாடி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இன்று கூப்பிடாமலே வந்தாள்.

"தாராளமா அழி தம்பி. அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே."

"எதுக்குக்கா? இவனைப் பத்தி எனக்குத் தலைகீழாத் தெரியும்."

"அப்படியா. இவன்கிட்ட எதைக் கொடுத்தா உப்பு சொல்லுவான்?"

"இதென்ன கேள்வி. எத்தனை இலைன்னு கொடுத்தா..."

"லிட்டர்" என்றான் உப்பன், கதவை விடாமல். "எத்தனை லிட்டர்னு சொல்லணும். இலையைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது."

வாயாடி முதன்முறையாக உப்பன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான்.

"சரி, காலையில நடந்த ரெண்டாம் பந்தியை மறுபடி ஓட்டு" என்றாள் துருவி.

ஓட்டினான். நீட்டி உற்சாகமாக ஓடிவந்தான். உப்பன் வாசற்படியில் கால் வைக்கப் போகும்போது துருவி நிறுத்தினாள். தூக்கிய கால் தூக்கியபடி நின்றது.

"நீட்டி, கையில என்ன?"

"அறுபது லிட்டர்க்கா."

"நீ எவ்வளவு விட்ட?"

"இருபது."

"மிச்சம் நாற்பது?"

"அது அண்டாவில ஏற்கெனவே இருந்த சாம்பார்."

"அதுக்கு உப்பு?"

"அதான் முதல் பந்திக்கே போட்டாச்சே" என்று சிரித்தபடி சொன்ன நீட்டி, சொல்லிவிட்டுத் தன் கையைப் பார்த்தான். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "குழம்பாயி முழு அண்டாவையும்தான் கொண்டுவருவா. நானும் அதே மாதிரி..."

"அவ புதுசா வைக்கிறா. நீ நீட்டுற. விட்டதை மட்டும் சொன்னாப் போதும்."

உப்பனுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. வாயாடி நீட்டியின் கணக்கில் ஒரே ஒரு வரியை மாற்றினான். மத்தியானம் இரண்டாம் பந்தியில் மாப்பிள்ளையின் மாமா சோற்றில் குழி பறித்து இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டதாகச் செய்தி வந்தது. தெருவில் எல்லார் முகமும் குளிர்ந்தது.

வாயாடி உப்பன் வாசலுக்குப் போனான். யார் குரலையும் எடுக்கவில்லை. சொந்தக் குரல் அதிகம் புழங்காததால் கம்மலாகத்தான் வந்தது.

"கோபமா உப்பா?"

"சேச்சே. நீ நடிச்சப்ப எனக்கே சிரிப்பு வந்துச்சு. ஆனா என் குரல்ல நீயே பேசிட்டிருந்தா, நான் எப்பத்தான் பேசுறது?"